பள்ளியில் ஒரு பசுமை வேலை மேளா

உங்கள் மகள் எட்டாவது படிக்கிறாளா? மகன் பத்தாவதா? படிப்பு முடிந்ததும் அவர்கள் என்ன வேலைக்குப் போவார்கள்?

பெங்களூரில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கம்ப்யூட்டர் வேலை." எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அந்த ஆசை வந்துவிட்டது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் வர வேண்டும். மின்சாரம் வர வேண்டும். அங்கே சேரும் குப்பை வெளியே போக வேண்டும். இதையெல்லாம் செய்யவும் ஆட்கள் வேண்டும் அல்லவா?

மண், தண்ணீர், காற்று இந்த மூன்றையும் கெடாமல் காக்கும் வேலைகள் பல உண்டு. அவற்றைப் பசுமை வேலைகள் என்கிறார்கள். பெயர் புதிது. வேலை பழையது. பழைய பேப்பர்க்காரர் செய்வது பசுமை வேலை. கிணறு வெட்டுபவர் செய்வதும் அதுதான். இந்த வேலைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டிச் சொல்ல ஒரு மேளா நடத்தலாம். நம் தெருவில் உள்ள பள்ளியிலேயே நடத்தலாம். எப்படி என்று பார்ப்போம்.

குப்பை நின்ற ஆண்டு

முதலில் ஒரு பழைய கதை. 2012ஆம் ஆண்டு நடந்தது. பெங்களூரின் குப்பையை லாரி லாரியாக மாவள்ளிபுரா என்ற ஊருக்குக் கொண்டு போய்க் கொட்டினார்கள். அந்த ஊர் மக்களுக்குத் தண்ணீர் கெட்டது. நாற்றம் தாங்கவில்லை. அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அங்கே குப்பை கொட்டுவது நின்றது. உடனே நகரத்தின் தெருக்களில் குப்பை மலை போல் குவிந்தது. பிறகு மண்டூர் என்ற ஊருக்குக் குப்பை போனது. அந்த ஊராரும் போராடினார்கள். 2014ஆம் ஆண்டின் முடிவில் அங்கேயும் கொட்டுவதை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் நகரத்துக்கு ஒன்று புரிந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால்தான் அது குப்பை. பிரித்து வைத்தால் பாதி உரம், மீதியில் பெரும் பகுதி விலை போகும் சரக்கு. இன்று காலையில் வண்டி வரும்போது "ஹசி கச", "ஒண கச" என்று கேட்கிறார்களே, அது அப்படி வந்ததுதான். ஹசி கச என்றால் ஈரக் குப்பை. ஒண கச என்றால் உலர்ந்த குப்பை.

இதை நகரம் கற்றுக்கொள்வதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சிலருக்கு இது தெரியும். அவர்கள் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள். கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும் முன்பே கிளம்புவார்கள். எந்த பிளாஸ்டிக் உருகும், எது உருகாது, எந்தக் காகிதத்துக்கு என்ன விலை என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் போலீஸ்காரர் பிடித்தால் காட்ட ஒரு சீட்டுக்கூட அவர்கள் கையில் இல்லை.

2011 முதல் பெங்களூர் மாநகராட்சி அவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. ஹசிரு தளா என்ற அமைப்பு அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. ஹசிரு என்றால் கன்னடத்தில் பச்சை. தளா என்றால் படை. அதாவது பச்சைப் படை. பிறகு உலர் குப்பை மையங்கள் வந்தன. முன்பு கோணி தூக்கியவர்களில் சிலர் அந்த மையங்களை நடத்தும் பொறுப்புக்கு வந்தார்கள். தராசு, கணக்குப் புத்தகம், வண்டி, கூலி ஆட்கள் என்று பொறுப்பு பெரிதாயிற்று. 2015இல் பாரிஸ் நகரத்தில் உலக நாடுகள் கூடிப் பருவநிலை பற்றிப் பேசின. பெங்களூரில் உலர் குப்பை மையம் நடத்திய ஒருவரும் அங்கே போய் வந்தார்.

பௌரகார்மிகர்கள், அதாவது தெரு கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள், எத்தனை ஆண்டுகள் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றார்கள்! விடாமல் போராடினார்கள். 2025 மே மாதம் முதல் தேதி, தொழிலாளர் நாள் அன்று, பெங்களூரில் 12,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நிரந்தர வேலைக்கான ஆணை கிடைத்தது.

தண்ணீர் வேலை, வெயில் வேலை

பெங்களூருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? காவிரியிலிருந்து. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அதோடு சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்ற வேண்டும். அதற்கு மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்று நினைத்துப் பாருங்கள். 2024 கோடையில் போர்வெல்கள் பல வற்றின. டேங்கர் லாரி விலை ஏறியது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மண்ணு ஒட்டர் என்ற மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். போர்வெல் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்தது. இப்போது அவர்களைத் தேடி ஆட்கள் போகிறார்கள். ஏன்? மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறு வேண்டும் என்று. பெரும்பாலும் 3 அடி அகலம், 20 அடி ஆழம். மண்ணை வெட்டி சிமெண்ட் உறை இறக்குவார்கள். கூரையில் விழும் மழைநீர் வடிகட்டி வழியாக அதற்குள் போகும். பெங்களூரில் பத்து லட்சம் கிணறு வேண்டும் என்று ஒரு இயக்கமே நடந்தது. கப்பன் பூங்காவில் இருந்த பழைய கிணறுகளைத் தூர் வாரியதும் இந்தக் கிணற்றுக்காரர்கள்தான்.

2009இல் பெங்களூரில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி 60 அடிக்கு 40 அடி மனையில் உள்ள பழைய வீடுகளும், 40 அடிக்கு 30 அடி மனையில் கட்டும் புது வீடுகளும் மழைநீர் சேமிப்பு வைக்க வேண்டும். சட்டம் வந்தால் வேலையும் வரும். குழாய் வேலை தெரிந்த பிள்ளை இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் கை நிறைய வேலை கிடைக்கும். ஜெயநகரில் குடிநீர் வாரியம் ஒரு மழைநீர்ப் பூங்கா வைத்திருக்கிறது. எத்தனை விதமாக மழைநீரைப் பிடிக்கலாம் என்று அங்கே செய்தே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது சூரிய மின்சாரம். செல்கோ என்ற கம்பெனி 1995இல் பெங்களூரில் தொடங்கியது. கரண்ட் இல்லாத கிராம வீடுகளுக்குச் சூரிய விளக்கு போட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹந்தேக்கு 2011இல் மகசேசே விருது கிடைத்தது. கூரையில் தகடு பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். இதற்காக நடுவண் அரசு 2015இல் சூரியமித்ரா என்ற 600 மணி நேரப் பயிற்சியைத் தொடங்கியது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளை அதில் சேர்த்தார்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது கம்பி வழியாக முதலில் எங்கே போனது தெரியுமா? கோலார் தங்கவயலுக்கு! நம் தமிழ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த அதே சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் தெரு விளக்குக்கு 1905இல்தான் வந்தது. புகை இல்லாத மின்சாரம் நமக்குப் புதிதல்ல.

தோட்ட வேலை, நாற்று வளர்ப்பு, எருத் தயாரிப்பு, மின்சார வண்டி மெக்கானிக் என்று பட்டியல் இன்னும் நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முடியாது. ஐந்து அல்லது ஆறு வேலை போதும்.

யாரை அழைப்பது?

வேலை மேளா என்றால் மேடை போட்டு, கோட்டு போட்டவர்களை உட்கார வைப்பது வழக்கம். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அப்படி வேண்டாம். வேலை செய்கிறவர்களை அழையுங்கள். ஆளுக்கு ஒரு மேசை கொடுங்கள். கிணற்றுக்காரர் கடப்பாரையும் கயிறும் கொண்டு வரட்டும். உலர் குப்பை மையத்துக்காரர் பத்து வகை பிளாஸ்டிக்கை எடுத்து வந்து பரப்பட்டும். சூரிய விளக்கு மெக்கானிக் ஒரு தகட்டை வெயிலில் வைத்து விளக்கை எரிய விடட்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

இவர்களைச் சும்மா அழைக்காதீர்கள். ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் கிணற்றுக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பொன்னாடை போர்த்தும் செலவை மிச்சம் பிடித்தாலே பாதி சேர்ந்துவிடும்.

இதற்கு ஒரு தாய் இப்படிக் கேட்கலாம். "அண்ணே, நான் குப்பை பொறுக்கியது போதாதா? என் மகளும் அதையே செய்யணுமா?"

சரியான கேள்வி. வெறுங்கையால் குப்பையைக் கிளறும் வேலைக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டாம். ஆனால் அந்தத் தாய்க்குத் தெரிந்த விஷயம் கல்லூரியில் படித்தவருக்குத் தெரியாது. அந்த அறிவோடு படிப்பும் சேர்ந்தால் மகள் ஒரு மையத்தை நடத்தலாம். கணக்கு எழுதலாம். எரு பக்குவமாகிவிட்டதா என்று சோதிக்கலாம். வண்டி ஓட்டலாம். ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அம்மாவும் மகளும் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று பேசினால் அதைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கி மலம் அள்ள வைப்பது குற்றம். 2013ஆம் ஆண்டு வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. அதைப் பசுமை வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேசைக்கு மேசை பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். மாதச் சம்பளமா, தினக் கூலியா? எவ்வளவு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? கையுறை, காலணி யார் தருவார்கள்? எங்கே கற்றுக்கொள்ளலாம்? பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்களா? கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். சம்பளத்தைச் சொல்லாத வேலை மேளாவால் பயன் இல்லை.

600 கப் கணக்கு

இனி மேளாவைப் பற்றி. பசுமை வேலை பற்றிப் பேசிவிட்டுப் பின்னால் ஒரு குப்பை மேட்டை விட்டுப் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் கணக்கில் தொடங்குவோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேளாவுக்கு 300 பேர் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு முறை டீ. 300 × 2 = 600 கப். ஆளுக்கு ஒரு தட்டு, 300. ஒரு கரண்டி, 300. ஒரு தண்ணீர் பாட்டில், 300. மொத்தம் எவ்வளவு? 600 + 300 + 300 + 300 = 1,500. ஒரே நாளில் 1,500 பொருள்கள் குப்பைக்குப் போகும்!

"பேப்பர் கப் நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். பொதுவாகப் பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். டீ ஊறி ஒழுகாமல் இருக்க அந்தப் பூச்சு. அதனால் அது எளிதில் மக்காது. விலையும் போகாது.

வழி என்ன? எவர்சில்வர் தட்டு, தம்ளர். எங்கே கிடைக்கும்? பெங்களூரில் அதம்ய சேதனா என்ற அமைப்பு தட்டு வங்கி ஒன்றைத் தொடங்கியது. வங்கியில் பணம் வாங்குவது போல் அங்கே தட்டும் தம்ளரும் இரவல் வாங்கலாம். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயில், கல்யாண மண்டபம், சமையல்காரர் இவர்களிடமும் பாத்திரம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "ஒரு தட்டும் ஒரு தம்ளரும் கொண்டு வரவும்." வாழை இலையும் நல்லதுதான். சாப்பிட்டதும் அது எருக்குழிக்குப் போகும்.

பாத்திரம் கழுவத் தண்ணீர் வேண்டுமே? மூன்று பக்கெட் வைத்து முக்கிக் கழுவினால் தண்ணீர் குறைவாகச் செலவாகும். முதல் பக்கெட்டில் எச்சில் போக. இரண்டாவதில் சோப்பு. மூன்றாவதில் நல்ல தண்ணீர். நிறம் மாறியதும் தண்ணீரை மாற்றுங்கள். கடைசி பக்கெட் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

பிளக்ஸ் பேனர் வேண்டாம். கர்நாடக அரசு 2016 மார்ச் மாதமே பிளாஸ்டிக் பை, பேனர், தோரணம், தட்டு, கப், கரண்டி எல்லாவற்றையும் தடை செய்தது. நடுவண் அரசின் தடை 2022 ஜூலை முதல் தேதி வந்தது. ஆனாலும் திருவிழா வந்தால் தெருவெல்லாம் பிளக்ஸ்தான்! நீங்கள் ஒரு பழைய வேட்டியை எடுத்துச் சாயத்தால் எழுதுங்கள். தேதியை மட்டும் தனித் துணியில் எழுதித் தைத்தால் அடுத்த ஆண்டும் அதே வேட்டி உதவும். மாவிலைத் தோரணம் கட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பையில் பரிசு கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டை எண்ணிச் சமையுங்கள். முதல் நாளே பள்ளியில் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம். மிஞ்சினால் சூடு ஆறும் முன்பே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

குப்பைக்கு மூன்று இடம் வேண்டும். பெங்களூரில் 2015 முதல் சொல்லி வரும் முறை இது. பச்சை பக்கெட்டில் ஈரக் குப்பை. சிவப்பு பக்கெட்டில் பேண்டேஜ், நாப்கின் போன்றவை. ஒரு பெரிய பையில் உலர்ந்த குப்பை. பக்கெட் மேல் கன்னடத்திலும் தமிழிலும் எழுதுங்கள். படமும் ஒட்டுங்கள். அங்கே இரண்டு மாணவர்கள் மாறி மாறி நிற்கட்டும். ஆள் நிற்காத பக்கெட்டில் எல்லாம் கலந்துவிடும். பெரிய ஓட்டப் பந்தயங்களிலும் கல்யாணங்களிலும் ஹசிரு தளா ஆட்கள் இப்படிக் கூலிக்கு வந்து குப்பையைப் பிரித்திருக்கிறார்கள். அதுவே ஒரு பசுமை வேலைதான். நம் மேளாவுக்கும் இருவரை அழைத்தால் மாணவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு கடிதம் எழுதுவோம்

2016இல் நடுவண் அரசு கொண்டு வந்த குப்பை விதிகளில் ஒரு விதி இப்படிச் சொன்னது. கூட்டம் நடத்த உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், 3 வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டம் நடத்துகிறவரே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பள்ளியில் நடத்தினாலும் முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது. அன்று மாலை குப்பை வண்டி வரும்.

பெங்களூரில் முன்பு ஒரே மாநகராட்சி இருந்தது. 2025 செப்டம்பரில் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். உங்கள் தெரு எதில் சேர்ந்தது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கீழே உள்ளது போல் எழுதலாம். நன்றாகக் கன்னடம் எழுதும் பிள்ளை ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும். அதனிடம் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி)
பெறுநர்: சுகாதார அலுவலர் அவர்கள், வார்டு அலுவலகம், பெங்களூர்

ஐயா / அம்மா,
எங்கள் தெருப் பள்ளியில் ......... தேதி காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மாணவர்களுக்கான பசுமை வேலை மேளா நடக்கிறது. சுமார் 300 பேர் வருவார்கள். குப்பையை ஈரம், உலர்வு எனப் பிரித்து வைப்போம். மாலை 5 மணிக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு,
(கையெழுத்து)

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நடத்துவது?

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பலர் அன்றுதான் நடத்த நினைப்பார்கள். ஆனால் அப்போது மழை தொடங்கிவிடும். பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பத்தாவது முடித்த பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். டிசம்பர் அல்லது ஜனவரி நல்லது. வெயில் தணிவாக இருக்கும். மார்ச் பரீட்சைக்கும் நேரம் இருக்கும்.

வருகிறவர்கள் பஸ்ஸிலும் நடந்தும் வரச் சொல்லுங்கள். மைக் செட்டுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமலே பேசலாம்.

மேளா முடிந்ததும் மூன்று பைகளையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிலோ என்று கரும்பலகையில் எழுதுங்கள். உலர் குப்பையை மையத்துக்கு எடுத்துப் போகும் மாணவர்கள் அதன் விலையையும் கேட்டு வரட்டும்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் பெயர், வகுப்பு, எந்த வேலையைப் பார்க்க ஆசை என்று எழுதட்டும். "கிணறு" என்று எழுதியவர்களை ஒரு சனிக்கிழமை ஜெயநகர் மழைநீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். "தோட்டம்" என்று எழுதியவர்களுக்கு லால்பாக் இருக்கிறது. அங்கே தோட்டக்கலைத் துறையில் பயிற்சி பற்றிக் கேட்கலாம். "சூரிய விளக்கு" என்று எழுதியவர்களுக்குப் பக்கத்து ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவு உண்டா, சேர்க்கை எப்போது என்று விசாரித்து அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். பத்தாவது முடிவு வரும் வாரம் நோட்டை மறுபடியும் எடுத்து, பெயர் எழுதிய வீடுகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.